பயத்தையும் கூட்டிக்கொண்டு

கல்யாணசுந்தரி அக்காளின் உள்ளங்கை சொர்ணத்தாயின் உச்சந்தலையில் இருந்தது. சாதாரணக் கை இல்லை அது. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் வருஷக்கணக்காக பண்டல் கட்டி உரமேறிய கை. ஜெபத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு அழுத்து அழுத்தியது. "பயத்தின் ஆவியே, இந்த மகளை விட்டு இப்பமே வெளிய போ" என்று அக்காள் சொல்ல, இரண்டு பக்கமும் முட்டுப்போட்டிருந்த மற்ற இரண்டு பெண்களும் "ஆமென், ஆமென்" என்றார்கள். எல்லோருக்கும் மேலே அவள் புருஷன் செண்பகராஜின் சத்தம் கேட்டது. கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் கூரையைப் பார்க்கத் தூக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சொர்ணத்தாய்க்கு அடுப்பில் வைத்த பால்தான் ஞாபகத்தில் இருந்தது. ஆவி போகிறதோ இல்லையோ, பால் பொங்கிப் போகும். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் அதற்கு ஒரு ஜெபம் தனியாக நடக்கும்.

ஒருவழியாக ஜெபம் முடிந்து கை எடுபட்டது. "இப்ப எப்படி இருக்கு சொர்ணம்?" என்று கேட்டாள் கல்யாணசுந்தரி அக்காள், ஊசி போட்டுவிட்டுக் கேட்கிற நர்சம்மா மாதிரி.

"கழுத்து வலிக்குக்கா."

செண்பகராஜ் கண்ணைத் திறந்து அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கித்தான் போயிருந்தது. மிச்சத்தில் தண்ணீர் விட்டுக் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள். பெண்கள் டம்ளரை எடுத்து ஊதிக் குடிக்க ஆரம்பித்த நேரத்தில், மேற்கே கழுகுமலைப் பக்கம் வானம் ஒரு உறுமல் உறுமியது. பெரிய இடி இல்லை. யாரோ தூரத்தில் டிரம்மை உருட்டினது போல இருந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணசுந்தரி அக்காள் பாதிக் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "வடகம் காயப்போட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க" என்றாள். மற்றவர்களுக்கும் வீட்டில் ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மூவரும் தெருவில் ஓடினதை சொர்ணத்தாய் வாசலில் நின்று பார்த்தாள். ஓட்டம் என்றால் நல்ல ஓட்டம்.

"பாத்தீங்களா" என்றாள் புருஷனிடம். "அவியளுக்கு வந்தா வடகம். எனக்கு வந்தா ஆவி."

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே ஐப்பசியில், செண்பகராஜின் தங்கச்சி பூங்கொடி போனாள். இப்போது கம்பு நிற்கிற காட்டில் அன்றைக்கு மிளகாய் போட்டிருந்தது; சொர்ணத்தாயும் அவளும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். செண்பகராஜ் அன்றைக்கு உரம் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். மேகம் இருந்தது, ஆனால் மழை விழவில்லை. விழாத மழைக்கு யார் வேலையை விடுவார்கள். பூங்கொடி நாலைந்து நிரை தள்ளிக் குனிந்திருந்தவள் நிமிர்ந்து, "மைனி, தண்ணி மிச்சம் கிடக்கா?" என்று கேட்டாள். சொர்ணத்தாய் செம்பைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். அதற்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் அப்புறம் வந்ததா, வரவே இல்லையா, இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. கண் தெளிந்தபோது செம்பு கையிலேயே இருந்தது. கேட்டவளைத்தான் காணவில்லை. கரிசலில் மறைப்பு ஏது, ஒளிவிடம் ஏது. கண்ணுக்கெட்டின மட்டும் தரையும் வானமும்தான், இடையில் நிற்பது மனுஷர்தான். செடிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தாள் பூங்கொடி, களைத்துப்போய்ப் படுத்த மாதிரி. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள் அவளுக்கு.

அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். பங்காளி வீட்டார் குலசாமி கொடைக்கு வரி கொடுக்காத குற்றம் என்றார்கள். சபைக்காரர்கள் ஆண்டவர் தமக்குப் பிரியமானதைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டார் என்றார்கள். சொர்ணத்தாய் இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தாள். அவள் பிறந்தது தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். மணியடித்தால் போவதும், பாட்டுக்கு எழுந்து நிற்பதும், ஜெபத்துக்கு உட்காருவதும் அவளுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. கடவுளை இப்படி ஒரேயடியாக வீட்டுக்குள் கூப்பிட்டுச் சத்தம்போட அவளுக்குத் தெரியாது. செண்பகராஜ் அப்படி இல்லை. அவளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து, கிறிஸ்மஸுக்கு மட்டும் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தவன், தங்கச்சியைப் புதைத்த மூன்றாம் மாதம் ரோட்டோரத்து ஜெபவீட்டில் போய் விழுந்தான். அன்றிலிருந்து குடி இல்லை, பீடி இல்லை. அது நல்லதுதான், அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரு விசுவாச வீரன் உட்கார்ந்திருக்கிறான். அவனுடன் குடித்தனம் நடத்துவது, எந்நேரமும் கொடியேற்றி வைத்த வீட்டில் குடியிருப்பது மாதிரி இருந்தது.

வானம் கறுத்தால் அவளுக்குக் கையில் எடுத்த வேலை ஓடாது. ரேடியோ ஒயரைப் பிடுங்குவாள், அரிவாள்மணையைச் சாக்குக்கு அடியில் தள்ளுவாள், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நெல் மூட்டைக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற சந்தில் போய்க் குறுகி உட்காருவாள். ஜெபம் வராது. "ஆண்டவரே" என்பது வரைக்கும் வரும், மேலே வாய் ஓடாது. செண்பகராஜோ வாசல் நிலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு இடிக்கும் ஒரு பாட்டு எடுப்பான். இடி பெரிசானால் பாட்டும் பெரிசாகும். மழை விட்டதும் உள்ளே வந்து, "பாத்தியா, இடி நம்மளத் தொட்டுச்சா? விசுவாசிக்கிறவனுக்கு என்ன பயம்?" என்பான். அந்த நேரத்தில் அவளுக்கு இடியைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றும்.

பூங்கொடிக்கு அப்புறம் அவள் காட்டுக்குப் போவதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்தால் ஏறிப் போவாள், பொழுது சாயத் திரும்புவாள். ஒற்றை ஆளாகக் காட்டில் முறிகிறோம் என்கிற கோபம் அவனுக்கு உண்டு. நேராகச் சொல்லமாட்டான். ஆவி, விடுதலை, உபவாசம் என்று சுற்றிச் சுற்றிச் சொல்லுவான்.

இப்போதும் அப்படித்தான். பெண்கள் ஓடின திசையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், உள்ளே போய் யூரியா மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எங்க போறீங்க?"

"கம்புக்கு உரம் போடணும். இப்ப போட்டாத்தான் மழையோட இறங்கும்."

"நாளைக்குக் காலையில ஈரத்துல போடலாம். மேக்க எப்படி வருதுன்னு பாருங்க."

"நாளைக்குன்னு சொல்லிச் சொல்லித்தான் கம்பு மஞ்சளாக் கிடக்கு." மூட்டையை நேர்செய்துகொண்டான். "ஜெபம் முடிஞ்சி ஈரம் காயல, அதுக்குள்ள நீ இப்படிப் பேசுத. நீ பயப்படப் பயப்படத்தான் அது உன்னைப் பிடிக்கும். நான் இப்ப போயி, உரம் போட்டு, திரும்பி வாரேன். அதைப் பாத்தாவது உனக்குப் புத்தி வரட்டும்."

"யாருக்குக் காட்டப் போறீங்க? எனக்கா, ஆண்டவருக்கா?"

"பாஸ்டர் ஜெபிச்சிருக்காவ."

"ஒங்களுக்கு மட்டும் ஜெபிச்சாவளா, இடிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்காவளா?"

அவன் மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். பாடிக்கொண்டே தெருவைத் தாண்டி இறங்கினான். அவன் தலை வண்டிப்பாதையில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போங்க, போயி நல்லாக் காட்டிட்டு வாங்க" என்று வாசல்நிலையிடம் சொன்னாள்.

மழை எடுத்த எடுப்பிலேயே அடித்து ஊற்றியது. கரிசல் மழை சொல்லிக்கொண்டு வராது. வந்தால் பத்து மாசத்துக் கணக்கையும் ஒரே மூச்சில் தீர்க்கும். சொர்ணத்தாய் ஒயரைப் பிடுங்கி, பஞ்சை அடைத்து, சந்துக்குள் போய் உட்கார்ந்தாள். ஓட்டிடுக்கில் வெளிச்சம் வெட்டி வெட்டிப் போனது. வாசலில் பாட்டுச் சத்தம் இல்லாதது காதில் பஞ்சு இருந்தும் தெரிந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். தட்டின தட்டில் தாழ்ப்பாள் ஆடியது. அடுத்த காட்டுக்காரன் சின்னக்கருப்பன், தலையில் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணியும், பின்னால் நடுங்கி நெருங்கி நிற்கிற ஆடுகளுமாக நின்றான்.

"எக்கா, அண்ணாச்சி வரப்பு வேப்பமரத்தடியில நிக்காவ. மரத்தடியில நிக்காதீங்க, வாங்கன்னு கூப்பிட்டேன். காதுல விழாத மாதிரி நிக்காவ. கையைப் பிடிச்சு இழுத்தும் பாத்தேன். மரத்தோட மரமா இருக்காவ."

"நீ விட்டுட்டா வந்த?"

"ஆடு சிதறிப் போச்சிக்கா. மழைக்குள்ள எத்தனைய விரட்ட." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "திரும்பிப் போவேன். ஆனா, சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் கால் வரமாட்டேங்குது."

அவனைத் திட்ட வாயைத் திறந்தவள் திட்டவில்லை. கால் வராதது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாததா. தெருவைப் பார்த்தாள். கதவெல்லாம் அடைத்துக் கிடந்தது. கல்யாணசுந்தரி அக்காள் வீட்டு ஜன்னலும் அடைத்திருந்தது. அங்கே காப்பாற்றப்பட்ட வடகம் பத்திரமாக இருக்கும்.

சின்னக்கருப்பன் தலையிலிருந்த கொங்காணியை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். துணிச்சல் வந்து இறங்கவில்லை. எரிச்சல் வந்து இறங்கினாள். இந்த மனுஷனுக்கு இதே வேலையாகப் போயிற்று, உயிரோடு கூட்டிவந்து கேட்கிற கேள்வியில் இனி ஜென்மத்துக்கும் பாடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வண்டிப்பாதை வரைக்கும் வந்துவிட்டாள்.

பாதை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எரிச்சல் தீர்ந்துபோனது. கரிசல் காலைப் பிடித்தது. ஒரு அடிக்கு ஒரு கூடை மண் ஒட்டியது. உதறினால் அடுத்த அடியில் இரண்டு கூடை ஒட்டியது. செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. வானம் நாலு பக்கமும் தரையைத் தொட்டுக் கிடக்க, நடுவில் தான் ஒருத்தி மட்டும் செங்குத்தாக நிற்பது அவளுக்கு உறைத்தது. பூங்கொடியும் இப்படித்தான் நிமிர்ந்தாள். எதிரே பளீரென்று ஒரு வெளிச்சம் வேர்விட்டு இறங்க, அவள் அப்படியே சேற்றில் குந்தினாள். இடி நெஞ்சுக்குள் விழுந்தது. கொங்காணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பயமே போ என்று சொல்லிப் பார்த்தாள். கல்யாணசுந்தரி அக்காள் சொன்ன மாதிரியே சொன்னாள். அது எங்கே போகும்; அதற்கும் மழை, அதற்கும் இடி, அதற்கும் ஒதுங்க இடம் இல்லை. அவளையே கட்டிக்கொண்டு கிடந்தது. அப்போது அவளுக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள், மூன்று வருஷத்துக் கோபம். தலையைத் தூக்கினாள். வாய் தானாகத் திறந்தது.

"ஏன் ஆண்டவரே, ஒமக்கு வேற ஆளே கிடைக்கலியா? அந்தப் பிள்ளை ஒமக்கு என்ன செஞ்சா? தண்ணி கேட்டா, அம்புட்டுத்தானே. மூணு வருசமா ஆளாளுக்கு எந்தலையில கைய வைக்காவ, நீரு ஒரு தடவை வச்சீரா? பயத்தை எடும் எடும்னு கேட்டுக் கேட்டு எனக்கு நாக்கு வறண்டு போச்சு. எடுக்கலல்லா. சரி, எடுக்காண்டாம். நீரே வச்சிக்கிடச் சொன்னா வச்சிக்கிடுதேன்." மழை வாய்க்குள் அடித்தது. துப்பிவிட்டுத் தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு, அந்த மனுசன் அங்கன நிக்காவ. நான் போயாகணும். இதையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். நீரும் கூட வாரும். மூணு பேருமாப் போவோம். அங்கன இருந்து பாத்துக்கிட்டு மட்டும் இருக்காதேயும்."

இவ்வளவு நீளமாக அவள் கடவுளிடம் பேசியதே இல்லை. பேசி முடித்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, மாமனார் முன்னால் சத்தம்போட்டுவிட்ட மாதிரி. பதில் ஒன்றும் வரவில்லை. மழை குறையவில்லை. அடுத்த இடி முந்தினதைவிடப் பக்கத்தில் விழுந்தது. ஆனால் அவள் எழுந்து நடந்துகொண்டிருந்தாள். பல் தந்தியடித்தது, கால் மட்டும் மாற்றி மாற்றி விழுந்தது. தனியாக நடக்கவில்லை என்று அவளுக்கு இருந்தது. அதை எப்படி என்று பின்னால் யார் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

செண்பகராஜ் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். கன்னம் பட்டையில் ஒட்டியிருந்தது. யூரியா மூட்டை காலடியில் பிரிந்து கிடந்து வெள்ளையாகக் கரைந்து ஓடியது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"வாங்க" என்றாள். கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பட்டையிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. ஒன்றைப் பிரித்தால் மற்றது போய்ப் பிடித்தது. "ஏங்க, என்னையப் பாருங்க. சொர்ணம் வந்திருக்கேன்."

"பூங்கொடி அங்கன கிடக்கா" என்றான். காட்டின் நடுவைக் கண்ணால் காட்டினான்.

"அங்கன ஒருத்தரும் இல்ல. கம்புதான் நிக்கி."

"ஏட்டி, எனக்குப் பயமா இருக்குட்டி." அவன் குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. "எப்பவும் பயம்தான். சத்தமாப் பாடுனா கொஞ்சம் கேக்காது. இன்னைக்குப் பாட்டு வரல."

அவள் அவனைப் பார்த்தாள். மூன்று வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, இவள் மூட்டைக்குப் பின்னாலும் அவன் வாசலிலுமாக, இரண்டு பேரும் ஒரே இடியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். சொல்லியிருந்தால் சந்தில் இன்னொரு ஆளுக்கு இடம் இல்லாமலா போயிருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை. இதையும் சொல்லாமல் வைத்திருந்தானே என்று இன்னும் ஒரு பங்கு எரிச்சல்தான் வந்தது.

"அதை வீட்டுல போயி பேசிக்கிடலாம்" என்றாள். "இப்ப மரத்தை விடுங்க. நானும் பயந்துக்கிட்டுத்தான் நிக்கேன். வாங்க."

விட்டான். மரத்திலிருந்து தள்ளி, போன மழையில் மண் அரித்துப் பள்ளமாகக் கிடந்த ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் சேற்றில் குந்தித் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவனுடைய விலா அவள்மேல் தடதடவென்று ஆடியது. அவளுடையதும்தான். மின்னல் அடிக்கும்போதெல்லாம் அவன் அவள் மணிக்கட்டை நெரித்தான். அவள் "இங்கனதான் இருக்காரு, இங்கனதான் இருக்காரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அந்த மரத்தில் இடி விழவில்லை. மழை ஓய்ந்து வெளிச்சம் வந்தபோது அது பாட்டுக்குக் குளித்து முழுகி நின்றது. சின்னக்கருப்பன் வண்டிப்பாதை வரைக்கும் எதிரே வந்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் செண்பகராஜ் சாட்சி சொல்ல எழுந்தான். "பயத்தின் ஆவியில கட்டுண்டு கிடந்த என் மனைவியை, அன்னைக்கு அந்தப் புயல் மழையில ஆண்டவர் விடுதலை ஆக்குனார்" என்று தொடங்கி, அவள் சிங்கம் போல நடந்து வந்ததை, தான் ஏதோ கூட்டத்தில் நின்று பார்த்தது போலச் சொன்னான். யூரியாவைப் பற்றிச் சொன்னான். மரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பாயின் கடைசியில் உட்கார்ந்திருந்த சொர்ணத்தாய், தரைப்பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கல்யாணசுந்தரி அக்காள், தன் கையை மடியில் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். வேலை செய்த கை.

"சகோதரி நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் பாஸ்டர்.

அவள் எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். ஒரு வார்த்தை போதும், மரத்தோடு சேர்த்து அவனை இங்கேயே நிறுத்திவிடலாம்.

"பயம் போகல பாஸ்டர்" என்றாள். "அப்படியேதான் இருக்கு. அன்னைக்கு ஆண்டவர் கூட வந்தாவ. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மேலே ஒன்றும் வராததால் பாஸ்டர் அல்லேலூயா சொன்னார். சபையும் சொன்னது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.

திரும்பி வரும்போது செண்பகராஜ் நாலடி முன்னால் நடந்தான். கம்மாய்க்கரை தாண்டினதும், "கோவமா?" என்றான்.

"ஆமா."

"அடுத்த வாரம் சொல்லுதேன்."

"சொன்னாச் சொல்லுங்க, சொல்லாட்டிப் போங்க. நாளைக்குக் காட்டுக்கு நானும் வாரேன். களை ஆள் உயரம் நிக்கி."

மறுநாள் ஆபீஸ் வேன் வந்து ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. இரண்டு பேரும் கம்பங்காட்டில் ஆளுக்கொரு நிரை பிடித்தார்கள். மண் பதமாக இருந்தது. களை வேரோடு வந்தது. பூங்கொடி விழுந்த இடத்தை அவள் தாண்டிப் போனாள். கொஞ்சம் வேகமாகத் தாண்டினாள். மத்தியானத்துக்கு மேல் மேற்கே மேகம் ஏறியது. அவள் கை மடியில் முடிந்திருந்த பஞ்சைத் தேடியது, சொல்லிவைத்த மாதிரி. பக்கத்து நிரையில் செண்பகராஜின் களைக்கொத்து நின்றுபோனது தெரிந்தது.

"போவோமா?" என்றான். பாட்டு எடுக்கவில்லை.

"இந்தா, இதை மட்டும் முடிச்சிட்டு வாரேன்னு சொல்லப்போறேன்னு பாத்தீங்களா? கிளம்புங்க" என்றாள்.

எழுந்து கையை உதறப் போனவள் நின்றாள். பிடுங்கின களையின் குழியிலிருந்து ஒரு பட்டுப்பூச்சி வெளியே வந்திருந்தது. பட்டு நூற்கிற பூச்சி இல்லை, முதல் மழைக்குப் பின்னால் கரிசலில் கிளம்புகிற மண்பூச்சி. ரத்தச் சிவப்பு, குங்குமத்தில் உருட்டின வெல்வெட் போல. அது அவள் விரலை நோக்கி வந்தது. மேற்கே வானம் உறுமியது. பூச்சி எட்டுக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கறுப்பு மண்ணில் ஒரு சிவப்புப் பொட்டாகக் கிடந்தது. அவள் கையை எடுக்கவில்லை. வரப்பில் நின்று செண்பகராஜ் கூப்பிட்டான். அவள் வாரேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் வெளியே வந்தது, மண்ணைத் தொட்டுப் பார்த்தது, அப்புறம் இன்னொரு கால்.